மண்டபமும் ஒரு வாத்தியம்: சிம்பொனி இசைக்குழுவையும் அதன் அரங்கையும் புரிந்துகொள்ள

திருகோணமலையில் எந்த விழாவாக இருந்தாலும் முதலில் வந்து சேருகிறவர்கள் சவுண்ட் சிஸ்டம்காரர்கள்தான். கோயில் திருவிழா, பாடசாலைக் கலைவிழா, பரதநாட்டிய அரங்கேற்றம், கல்யாணம், எல்லாவற்றுக்கும் பாடுகிறவர் முன்னால் ஒரு மைக், மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். வயலினுக்குத் தனி மைக், மிருதங்கத்துக்கு இரண்டு. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சத்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் மண்டபத்தைப் பற்றி நாங்கள் பெரிதாக யோசிப்பதில்லை. மழை ஒழுகாமல், காற்று வந்து, கதிரைகள் போதுமானதாக இருந்தால் சரி.

சிம்பொனி இசைக்குழு மேடை ஏறும்போது இந்த மைக், ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. ஒலிப்பதிவுக்காக மேலே சில மைக் தொங்கலாம். ஆனால் சபையில் இருப்பவர்கள் கேட்பது அத்தனையும் மரத்திலிருந்தும் நரம்பிலிருந்தும் பித்தளையிலிருந்தும் நேரே வரும் சத்தம். இரண்டாயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் கடைசிக் கதிரைவரை அது அப்படியே போய்ச் சேர வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், சில நகரங்கள் இசைக்கென்றே தனி மண்டபம் கட்டி, ஒரு இசைக்குழுவை அதிலேயே நிரந்தரமாக வைத்திருப்பது ஏன் என்பது தானாக விளங்கும்.

2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியதிலிருந்து எங்கள் வீடுகளிலும் அந்தப் பேச்சு அடிபடுகிறது. சிம்பொனி என்பது தாளில் முழுமையாக எழுதி முடிக்கப்பட்ட ஒரு பெரிய படைப்பு. பெரும்பாலும் நான்கு பகுதிகள். அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் போகும். அதை வாசிக்கும் அளவுக்கு ஆளும் வாத்தியமும் உள்ள குழுதான் சிம்பொனி இசைக்குழு.

குழுவின் பெரும்பகுதி வில் போட்டு வாசிக்கும் வாத்தியங்கள். முழு அளவிலான ஒரு குழுவில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14 பேர், வியோலா 12, செலோ 10, டபுள் பேஸ் 8 என்று இருக்கும். ஆக அறுபது பேர். அவர்களுக்குப் பின்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் என்ற மரக்காற்று வாத்தியங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர். அதற்கும் பின்னால் ஹோர்ன், ட்ரம்பெட், ட்ரொம்போன், டியூபா என்ற பித்தளை வாத்தியங்கள். கடைசியில் டிம்பனி முதலான தாள வாத்தியங்கள். தொடங்குமுன் ஓபோ ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். செக்கனுக்கு 440 அதிர்வு, சில ஐரோப்பியக் குழுக்களில் இரண்டு மூன்று கூட. எல்லோரும் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள்.

வயலின் மட்டும் முப்பது, புல்லாங்குழல் மூன்று. ஏன் இப்படி? வயலின் சின்னச் சத்தமுள்ள வாத்தியம். எங்கள் நாதஸ்வரமும் தவிலும் திறந்த வீதிக்கென்றே உருவானவை. பத்திரகாளி அம்மன் கோயிலில் சுவாமி வெளிவீதி வரும்போது இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கும் ‘மேளம் கேட்குது, சுவாமி வெளிக்கிட்டிட்டுது’ என்று தெரிந்துவிடும். வயலினும் செலோவும் அறைக்குள் வாசிக்கப் பிறந்தவை. டச்சு வளைகுடாக் கடற்கரையில் தனியொருவர் நின்று வயலின் வாசித்தால் முப்பது அடிக்கு அப்பால் அலைச் சத்தம் அதை விழுங்கிவிடும்.

ஆட்களைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான். பத்து வயலின் ஒன்றாக வாசித்தால் எங்கள் காதுக்கு அது ஒரு வயலினைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாக மட்டுமே கேட்கும். காது வேலை செய்கிற விதமே அப்படி. ஆட்கள் கூடினால் ஒலிக்கு ஒரு செழிப்பு வரும், உண்மை. ஆனால் மிச்ச வேலையை அறைதான் செய்ய வேண்டும். சுவர், கூரை, பல்கனி முகப்பு எல்லாம் சத்தத்தை வாங்கித் திருப்பிச் சபைக்கே அனுப்ப வேண்டும்.

மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வயலினின் சத்தம் முதலில் நேர்கோட்டில் உங்களிடம் வருகிறது. பின்னாலேயே பக்கச் சுவர்களில் பட்டுத் திரும்பிய சத்தம் வருகிறது. நேரே வந்ததற்குப் பின் செக்கனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குள் வந்து சேர்கிறவற்றைக் காது தனித்தனியாகப் பிரிப்பதில்லை. முதல் சத்தத்தோடு சேர்த்துக் கனமாக்கிக்கொள்கிறது. அதிலும் இடது வலது பக்கங்களிலிருந்து வருகிறவைதான் இசை உங்களைச் சூழ்ந்து நிற்பதுபோன்ற உணர்வைத் தருகின்றன. அதற்குப் பிறகு கூரை, பின்சுவர் என்று பல தடவை பட்டுத் தெறித்து மெல்ல மெல்ல அடங்குகிறதே, அந்த வால்தான் எதிரொலிப்பு. அடங்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்பது ஒரு மண்டபத்தின் முதன்மையான கணக்கு. சத்தம் 60 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) இறங்க எடுக்கும் நேரம் என்று அதை வரையறுக்கிறார்கள். பெரிய இசைக்குழுவுக்கு, சபை நிரம்பிய நிலையில் 2 செக்கனை ஒட்டியிருப்பது நல்லது. பேச்சுக்கு அது கூட. 1 செக்கன் போதும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வாலஸ் சபின் என்ற அமெரிக்கர். 1895 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் திறந்த ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுகிறவர் சொல்வது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் வெறும் மண்டபத்தில் ஐந்தரை செக்கன் நின்று ஒலித்தது. முதல் சொல் அடங்குமுன் பத்துச் சொல் வந்துவிடும். இதைச் சரிசெய்யும் பொறுப்பு இருபத்தேழு வயதுப் பௌதிகவியல் ஆசிரியரான சபினிடம் வந்தது. வீதியில் ட்ராம் வண்டி அடங்கிய பிறகு, நள்ளிரவு தாண்டி, ஓர் ஓர்கன் குழாயை ஊதி நிறுத்தி, அது காதுக்கு அற்றுப்போகும்வரை நேரம் எடுத்தார். பிறகு அயலில் இருந்த இன்னொரு அரங்கிலிருந்து கதிரை மெத்தைகளைத் தூக்கிவந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி மறுபடி அளந்தார். விடியுமுன் அத்தனையையும் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மெத்தைகள் மண்டபம் முழுவதும் பரவியபோது ஐந்தரை செக்கன் ஒரு செக்கனுக்குச் சற்று மேலே என்ற அளவுக்கு இறங்கியது. அந்த இரவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் இவ்வளவுதான்: மண்டபத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அங்கே சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலிப்பு நேரம் கிடைக்கும். அளவுகள் மீட்டரில்.

உறிஞ்சும் பரப்பை அளக்க சபின் எடுத்த அலகு எங்கள் ஊருக்கு மிகவும் பொருத்தமானது: ஒரு திறந்த யன்னல். திறந்த யன்னலில் படும் சத்தம் திரும்பி வராது, முழுவதும் வெளியே போய்விடும். ஒரு சதுர மீட்டர் திறந்த யன்னல் என்றால் ஒரு அலகு. அதோடு ஒப்பிட்டால் பூச்சுச் சுவரும் சீமெந்துத் தரையும் மிகக் கொஞ்சமே உறிஞ்சும், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு.

எங்கள் பாடசாலை மண்டபம் மாதிரி ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 30 மீட்டர், அகலம் 15, உயரம் 6. கன அளவு 2,700. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துப் பரப்பு 1,440. அவை நூற்றுக்கு மூன்று உறிஞ்சினால் 43 அலகு. யன்னல்களைப் பூட்டி ஆளில்லாமல் வைத்தால் எதிரொலிப்பு 10 செக்கன்! விழாவுக்கு முதல் நாள் ஒத்திகையில் அறிவிப்பாளரின் குரல் குழம்பிப் போவது இதனால்தான். சரி, 60 சதுர மீட்டர் யன்னலைத் திறக்கிறோம். 10 செக்கன் 4 ஆக இறங்குகிறது. இப்போது 400 பேர் வந்து உட்காருகிறார்கள். உடுப்போடு ஒருவர் ஏறத்தாழ அரை அலகு உறிஞ்சுவார். 4 செக்கன் ஒன்றரை ஆகிறது. கேட்க மோசமில்லை. ஆனால் திறந்த யன்னல் வழியாக இசையின் ஒரு பங்கு வெளியே போகிறது. பதிலுக்கு முச்சக்கர வண்டியும் காகமும் உள்ளே வருகின்றன. மைக் இல்லாத இசைக்கு அது கட்டுப்படியாகாது.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. சத்தத்தை அதிகம் உறிஞ்சுவது சபைதான். ஆட்களைக் குறைக்க முடியாது, அதனால் கன அளவைக் கூட்ட வேண்டும். நல்ல இசை மண்டபங்களில் ஒரு இருக்கைக்கு 8 முதல் 10 கன மீட்டர் இடம் விடுகிறார்கள். அந்த மண்டபங்களின் கூரை அவ்வளவு உயரத்தில் இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

1870 ஜனவரியில் திறந்த வியன்னா முசிக்ஃபெரைன் மண்டபத்தைப் பாருங்கள். நீளம் ஏறத்தாழ 49 மீட்டர், அகலம் 19, உயரம் 18 க்குச் சற்றுக் குறைவு. ஒடுங்கி, நீண்டு, உயர்ந்த ஒரு பெட்டி. ஒடுக்கமாக இருப்பதால் பக்கச் சுவரில் பட்ட சத்தம் சீக்கிரமே சபைக்குத் திரும்புகிறது. சுவர் நெடுகப் பொன்பூச்சுச் சிலைகளும் தூண்களும் இருக்கின்றன. அவை சத்தத்தைப் பல திசைகளில் சிதறடித்து மென்மையாக்குகின்றன. அதைக் கட்டிய காலத்தில் சபினின் சூத்திரம் கிடையாது. அனுபவமும் அதிர்ஷ்டமும் சேர்ந்து அமைந்தது. கணக்குப் போட்டுக் கட்டிய முதல் மண்டபம் பொஸ்டன் சிம்பொனி மண்டபம். சபினின் ஆலோசனையோடு 1900 ஒக்டோபரில் திறந்தது. அது இன்றும் உலகின் மிகச் சிறந்த மண்டபங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் பிறகு 1963 இல் பேர்லினில் மேடையை நடுவில் வைத்துச் சபையைச் சுற்றிலும் படிப்படியாக, மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டம்போல அடுக்கிய அரங்கு வந்தது. பிறகு உலகம் முழுவதும் பலர் அதைப் பின்பற்றினார்கள். எனக்குக் கேட்டால் ஒலி பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் பெட்டி வடிவத்தைப் புரிந்துகொள்வது நல்லது. சுவர் என்ன வேலை செய்கிறது என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும்.

சரி, மண்டபம் விளங்கிவிட்டது. அதில் ஏன் ஒரு குழு நிரந்தரமாக இருக்க வேண்டும்? வாடகைக்கு எடுத்து வாசித்துவிட்டுப் போனால் என்ன?

மேடையில் குழு விரிந்து உட்காரும் அகலம் 18 மீட்டர் அளவில் இருக்கும். சத்தம் செக்கனுக்கு 340 மீட்டர் போகிறது. ஆக ஓர் ஓரத்து வயலினின் சத்தம் மறு ஓரத்து டபுள் பேஸ்காரருக்குக் கேட்கும்போது ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு கழிந்திருக்கும். வேகமான இடத்தில் அது பெரிய பிந்தல். காதில் கேட்ட பிறகு வாசித்தால் தாமதம்தான். அதனால் முன்னால் நின்று கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துநரின் கோலையும் முதல் வயலின் தலைவரின் வில்லையும் பார்த்து வாசிக்கிறார்கள். ட்ரம்பெட் வாசிக்கிறவர் தன் சத்தம் சபைக்கு எப்படிப் போகிறது என்பதை மேடையில் இருந்து கேட்க முடியாது. நாள்பட்ட பழக்கத்தால்தான் அறிய முடியும். இந்த மண்டபத்தில் எவ்வளவு மெல்ல ஊதினாலும் பின்வரிசைக்குக் கேட்கும், இங்கே ஒரு சுரத்தை வெட்டி நிறுத்தினால் அதன் வால் எவ்வளவு நீளும், எந்தப் பகுதியில் தாழ்ந்த சுரங்கள் அமுங்கிப் போகின்றன என்பதெல்லாம் தொண்ணூறு பேருக்கும் ஒன்றாகப் பழக வேண்டிய விஷயங்கள். ஒரே கடலில் பல காலம் தொழில் செய்கிறவருக்கு நீரோட்டம் கைக்குத் தெரிவதுபோல அது வந்து சேரும். ஒத்திகையை வேறெங்கோ ஓர் அறையில் வைத்துவிட்டு, கச்சேரி அன்று மட்டும் மண்டபத்துக்கு வருகிற குழுவுக்கு இது வாய்க்காது.

மண்டபம் குழுவின் நாதத்தையே மாற்றிவிடும் என்பதற்கு ஃபிலடெல்ஃபியா நல்ல உதாரணம். அங்கே இசைக்குழு 1900 இல் தொடங்கியது; நூறு ஆண்டு வாசித்தது 1857 இல் ஒபெரா என்ற இசைநாடகத்துக்காகக் கட்டிய ஓர் அரங்கில். அங்கே எதிரொலிப்பு குறைவு. சுரம் வாசித்த உடனேயே செத்துவிடும். அந்தக் குழுவின் வில் வாத்தியங்களுக்கு உலகப் புகழ்பெற்ற ஒரு செழிப்பான, அறுபடாத நாதம் உண்டு. மண்டபம் கொடுக்காத நீட்சியை வாசிக்கிறவர்களே கொடுத்துப் பழகியதால் வந்தது அது என்று பலர் சொல்வார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வில்லைத் திருப்பினால் அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும். ஆளுக்கொரு நேரத்தில் திருப்புங்கள் என்று நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி வழக்கப்படுத்தினார். இடைவெளி மறைந்துவிட்டது. 2001 இல் குழு புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது.

குடியிருப்பு ஏற்பாடு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. பொஸ்டனில் மண்டபம் இசைக்குழுவின் சொந்தம். ஆம்ஸ்டர்டாமில் கொன்செர்ட்கெபௌ மண்டபமும் இசைக்குழுவும் 1888 இல், அதே ஆண்டில் தொடங்கியவை, பெயரும் ஒன்று, ஆனால் நிர்வாகம் வேறு வேறு. வியன்னா பில்ஹார்மொனிக் குழுவினர் அந்நகர ஒபெராவின் வாத்தியக்காரர்கள்; முசிக்ஃபெரைன் மண்டபம் இன்னொரு சங்கத்துடையது. லீப்சிக் நகரில் 1743 இல் வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய கச்சேரிக் குழு 1781 இல் துணி வணிகர் மண்டபத்துக்குள் போனது; அந்த மண்டபத்தின் பெயரே, கெவாண்ட்ஹவுஸ் என்று, குழுவுக்கு நிலைத்துவிட்டது. மண்டபம் இரண்டு தடவை புதிதாக வேறிடத்தில் கட்டப்பட்டும் பெயர் மாறவில்லை. எந்த ஏற்பாடானாலும் நடைமுறையில் கிடைப்பது இதுதான்: அதே மேடையில் ஒத்திகை, டிம்பனியும் டபுள் பேஸும் வைக்க அறை, இசைத்தாள் நூலகம், ஆண்டு முழுவதற்குமான நிகழ்ச்சி நிரல், அதற்கு முன்கூட்டியே சந்தா கட்டும் ஊர்ச்சனம்.

துறைமுகப் பட்டினத்தில் இருக்கிற எங்களுக்கு ஹம்பேர்க் நகரத்து எல்ப்பில்ஹார்மனி தனியாகச் சொல்லத்தக்கது. கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் அடுக்கி வைத்த பழைய துறைமுகக் களஞ்சியத்தின் மேல் 2017 ஜனவரியில் திறந்த அரங்கு அது. சுற்றிலும் கப்பல் போக்குவரத்து. கப்பல் சங்கு ஊதினால் அந்தச் சத்தம் சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். ஆகவே பெரிய மண்டபத்தை முட்டையின் உட்கருவைப்போலத் தனி ஓட்டுக்குள் கட்டி, வெளிக் கட்டடத்தைத் தொடாதபடி 362 ஸ்பிரிங் கட்டுகளின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே சுவர் முழுவதும் ஏறத்தாழ 10,000 ஜிப்சம் நார்ப் பலகைகள், ஒவ்வொன்றும் வேறு வேறு குழி மேடுகளோடு. செலவு திட்டமிட்டதைவிடப் பன்மடங்கு ஏறி அந்த ஊரில் பெரிய சண்டையே நடந்தது. உள்ளே 2,100 பேர் உட்காருகிறார்கள். அங்கே குடியிருக்கும் குழு இப்போது அரங்கின் பெயரையே தன் பெயரில் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் நாட்டில் இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958 இல் கொழும்பில் தொடங்கியது. திருகோணமலையில் அப்படியொரு குழுவும் இல்லை, அப்படியொரு மண்டபமும் இல்லை. ஒருநாள் வந்தால் எங்கள் காலநிலைக்கு ஏற்ப யோசிக்க வேண்டியது நிறைய. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். மாரி மழையில் ஊதிப் பருக்கும். மிருதங்கக்காரர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். அறுபது வில் வாத்தியங்களுக்கு ஈரப்பதம் ஒரே அளவில் நிற்க வேண்டும். அதற்குக் குளிரூட்டி வேண்டும். அந்தக் குளிரூட்டி சத்தமே போடக் கூடாது, அதாவது காற்றை அகலமான குழாய்களில் மிக மெதுவாக விட வேண்டும். செலவின் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் போகும்.

ஆனால் கேட்கும் வாய்ப்பு இங்கிருந்து போகும் பலருக்கு இருக்கிறது. ரொறன்ரோவில் பிள்ளைகளோடு இருக்கப் போகிறவர்களுக்கு ரோய் தொம்சன் மண்டபம் ரயிலேறிப் போகும் தூரம். 1982 இல் வட்டமாகக் கட்டிய அந்த அரங்கின் ஒலி உயிரற்றிருக்கிறது என்று பலகாலம் குறை சொன்னார்கள். 2002 இல் உள்ளே மரம் பதித்து, கன அளவைக் குறைத்துத் திருத்தினார்கள். லண்டனில் பார்பிக்கன் மண்டபம். போனால் மேடைக்கு மிக அருகில் டிக்கெட் எடுக்க வேண்டாம். முன்வரிசையில் முதல் வயலின்தான் கேட்கும், பின்னால் இருக்கும் மரக்காற்று வாத்தியங்கள் மறைந்துவிடும். மேல் பல்கனியின் முன்வரிசை பெரும்பாலும் மலிவு, எல்லா வாத்தியமும் கலந்து வரும். பல்கனிக்கு அடியில் ஆழமாக இருக்கும் கடைசிக் கதிரைகளைத் தவிருங்கள். கூரையிலிருந்து வரவேண்டிய சத்தத்தை மேலே உள்ள பல்கனி மறித்துவிடும். ஒரு பகுதி முடிந்ததும் கைதட்ட அவசரப்பட வேண்டாம், நான்கு பகுதியும் முடியட்டும். எங்கள் கச்சேரிகளில் நல்ல சங்கதி விழுந்தால் ‘ஆஹா’ என்று வாய்விட்டுச் சொல்வோம். அங்கே அந்த ஒரு சொல்லும் சபை முழுவதற்கும் கேட்கும்.

இங்கேயே செய்து பார்க்கக்கூடியதும் உண்டு. நகரின் பாடசாலைகளில் வயலின் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த கலைவிழாவில் ஒரே ஒரு உருப்படியை மைக் இல்லாமல் வாசிக்க விடுங்கள். அதற்கு மண்டபத்தைக் கொஞ்சம் ஆயத்தப்படுத்த வேண்டும். மேடையின் பின்னால் தொங்கும் தடித்த திரையைக் கழற்றினால் பின்சுவர் சத்தத்தை முன்னே தள்ளும். பிள்ளைகள் மேடையின் முன்திரைக்கு அப்பால் உள்ளே நிற்காமல் மேடை விளிம்புக்கு முன்னால், முடிந்தால் சபையின் தரையிலேயே நிற்கட்டும். அந்த ஐந்து நிமிடத்துக்கு வீதிப்பக்க யன்னல்களைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்துங்கள். வெயில் நேரம் என்றால் சனம் வேர்த்துப் போகும், ஆகவே மாலை ஆறரைக்குப் பிறகு வையுங்கள்.